ஜீப்காரர் காட்டிய பறவை

காரைக்காலிலிருந்து மகன் குடும்பத்தோடு ராஜஸ்தான் பாலைவனப் பூங்காவுக்குப் போயிருந்தேன். ஜீப் ஓட்டியவர் சென்னையில் வேலை பார்த்தவராம், தமிழ் பேசினார். வெயிலில் வெளுத்த மீசை. அடிக்கடி வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்.

நான் வாங்கவில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டுமே, அந்த வெட்டவெளியில் எங்கே போவது? தலை சுற்றியது.

“குடிங்கம்மா, இந்த வெயில் ஆளைச் சாய்ச்சிடும்.”

“தாகமில்லீங்க.”

என் முகத்தைப் பார்த்தவர், கம்போடு இறங்கிப் போய் ஒரு புதரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். “வாங்க, எதிர்ப்பக்கம் பெரிய பறவை இருக்கு,” என்று மற்றவர்களை அழைத்தார். என்னிடம் மட்டும் புதரைக் காட்டி மெதுவாக, “அங்க பாம்பும் இல்ல, தரையில பறவை முட்டையும் இல்லம்மா,” என்றார்.

திரும்பி வந்த மகன், “பறவையும் இல்ல, ஒண்ணும் இல்ல!” என்று சிரித்தான்.

பிறகு அவர் நீட்டிய தண்ணீரையெல்லாம் குடித்தேன். வழியில் இன்னும் இரண்டு இடத்தில் அந்தப் பறவையைக் காட்ட எல்லோரையும் கூட்டிப் போனார்.