திரையில் வைத்த சந்தனம்

ஐம்பத்தொரு வயதில் எனக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்தது. அதைப் பீரோவில் பூட்டி வைக்க நான் வாங்கவில்லை. அடையாறில் ஒரு தையல் பள்ளியில் வகுப்பெடுக்கும் வேலை கிடைத்திருந்தது. மயிலாப்பூர் வீட்டிலிருந்து தினமும் எங்கள் காரில், நானே ஓட்டிக்கொண்டு, தனியாகப் போக வேண்டும் என்பது என் ஆசை. இந்தத் ‘தனியாக’ வரும்போதெல்லாம் என் கணவர் இருமுவார்.

இருமலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எனக்குத் திசை தெரியாது. மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தும், நாலு மாட வீதிகளில் எது வடக்கு என்று கேட்டால் இன்றும் விழிப்பேன். போதாக்குறைக்கு மெட்ரோ வேலை வேறு. நேற்று இருவழியாக இருந்த சாலை இன்று ஒருவழி. ஓட்டிப் பழகிய நாட்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து “லெஃப்ட், லெஃப்ட்” என்பார். நான் வலது பக்கம் திரும்பி முடித்ததும் பெருமூச்சு விடுவார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், அந்தப் பெருமூச்சு எனக்கு ஆகவே ஆகாது.

காரில் கம்பெனி கொடுத்த ஸ்டீரியோ இருந்தது, வழி சொல்லும் வரைபடமும் அதற்குள்ளேயே உண்டு. ஆனால் கார் எங்களிடம் வந்தபோதே பழையது. மெட்ரோ என்று ஒன்று வரப்போவதே அந்த வரைபடத்துக்குத் தெரியாது. ஒருநாள் தி.நகரில் நேராகப் போகச் சொல்லி, தகர வேலிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. நின்ற பிறகும் நேராகப் போ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் சிரித்ததை நான் மறக்கவில்லை.

அதை மாற்றிப் புது செட்டு வாங்குவது என்று முடிவானது, ஆனால் எதை வாங்குவது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. அவர் கம்பெனி கட்சி. இந்தக் காருக்கென்றே செய்த புது செட்டு, வயரில் கைவைக்க வேண்டாம், வரைபடம் உள்ளேயே இருப்பதால் போனை நம்பிப் பிழைக்க வேண்டாம் என்பார். நான் வெளிக்கடை கட்சி. பெரிய திரை, பின்னால் பார்க்கக் கேமரா, போனில் ஓடும் வரைபடம் அப்படியே திரையில் வரும், இன்று காலை அடைத்த தெருகூட அதற்குத் தெரியும். கம்பெனி செட்டு வர ஆறு வாரமாகும் என்று ஷோரூமில் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேலை அடுத்த திங்கட்கிழமை.

சிந்தாதிரிப்பேட்டையில் கார் சாமான் விற்கும் கடைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

“வயரை வெட்டினா வாரண்டி போயிடுமேப்பா,” என்று ஆரம்பித்தார்.

“இன்னா சார், பத்து வருசத்து வண்டிக்கு வாரண்டி எங்க கீது?” என்றார் கடைக்காரர். “வயர வெட்டவே மாட்டேன். கப்ளர் கீது, சொருவினா முடிஞ்சிது.”

மேசைமேல் ஒரு செட்டை ஓட்டிக் காட்டினார். திரையில் கூவம் தெரிந்தது, நாங்கள் நின்ற சந்து தெரிந்தது, சந்தில் ஒரு நீல அம்பு. அந்த அம்பு நான்தான். நான் எங்கே இருக்கிறேன் என்பது முதல்முறையாக எனக்கே தெரிந்தது. புதுப்புடவை வாங்கியபோதுகூட எனக்கு அப்படி மனம் குதித்ததில்லை. அன்றே மாட்டச் சொல்லிவிட்டேன்.

திங்கள் காலை, வேண்டாம் வேண்டாம் என்றவரே பூஜைக்கு ஏற்பாடு செய்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், கற்பூரம். எங்கள் வீட்டில் மிக்ஸி வந்தாலும் தையல் மிஷின் வந்தாலும் பொட்டு உண்டு. செட்டுக்கும் சந்தனம் குழைத்து, திரையின் நாலு மூலையிலும் தாராளமாக வைத்தார். ஈரச் சந்தனத்தை அது விரல் என்று நினைத்துக்கொண்டது. பாட்டு அலறியது. வரைபடம் சுருங்கிச் சுருங்கி இந்தியாவே தெரிந்தது. அதோடு விடாமல், என் தையல் பள்ளி மேடத்துக்குப் போன் போகத் தொடங்கியது.

கடைக்காரர் நம்பர் என் போனில்தான் இருந்தது. என் கணவர் அதைப் பிடுங்கி, மேடத்துக்குப் போன அழைப்பை நிறுத்தி, கடைக்காரரைக் கூப்பிட்டார்.

“சந்தனம் வெச்சீங்களா சார்? எல்லாரும் வெக்கிறாங்க,” என்றது ஸ்பீக்கரில் குரல். “ஈரத்துணில தொடைச்சிட்டு ஒரு தபா ஆஃப் பண்ணி போடுங்க. பொட்டு கீழ பிளாஸ்டிக்ல வைங்க, கண்ணாடி மேல வேணாம்.”

துடைத்தோம். அணைத்துப் போட்டோம். நீல அம்பு சமர்த்தாக வந்து நின்றது. “கிளம்பு, நேரமாச்சு,” என்று அவர் விரட்ட, எலுமிச்சம்பழங்கள் நசுங்கக் கிளம்பினேன்.

தெருமுனை திரும்பியதும் வரைபடம் மறைந்தது. போன் இணைப்பு இல்லை என்று திரை சொன்னது. என் போன் அவர் கையிலேயே தங்கிவிட்டது. கம்பெனி செட்டாக இருந்தால் வரைபடம் உள்ளேயே இருந்திருக்கும் என்று அவர் சொல்லப்போவது இப்போதே காதில் விழுந்தது. வீட்டுக்குத் திரும்பலாமென்றால் சாலை ஒருவழி. சுற்றித் திரும்பும் வழி தெரிந்தால் நான் ஏன் செட்டு வாங்குகிறேன்?

அப்போது முன்னால் ஒரு பஸ், அடையாறு வழி திருவான்மியூர் என்று பலகை போட்டுக்கொண்டு போனது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டேன். அது மந்தைவெளியில் நின்றது, நானும் நின்றேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது ஆள் ஏற்றும்வரை காத்திருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் அடிக்கட்டும். பாலம் வந்தது, கீழே ஆறு தெரிந்தது. அடையாறு வந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னேன். காரில் கேட்க யாருமில்லை. அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது.

பாலம் தாண்டியதும் வழி கேட்டுப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். பள்ளிப் போனிலிருந்து என் நம்பருக்கே அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“எங்க இருக்கே?”

“கிளாஸ்ல.”

“மேப் இல்லாம எப்படிப் போனே?”

“பஸ் பின்னாடியே.”

நான் எதிர்பார்த்த பெருமூச்சு வரவில்லை. “அங்கேயே இரு,” என்றார். “ஆட்டோ பிடிச்சு உன் போனை எடுத்துட்டு வரேன்.”

“கொண்டு வந்து குடுத்துட்டு அதே ஆட்டோல திரும்பிடுங்க,” என்றேன். “சாயந்திரம் நான் தனியாத்தான் வருவேன்.”