பொட்டு வைத்த லேப்டாப்

குற்றாலத்தில் நான் மேனேஜராக இருக்கும் லாட்ஜின் முன்னறை, சீசன் வந்தால் தில்லைநாயகம் ஜோசியருக்குத்தான். வீடு மேலகரத்தில். ஆனி பிறந்ததும் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு லேப்டாப் சகிதம் வந்து உட்கார்ந்துவிடுவார். அருவியில் குளித்து முடித்தவர்களுக்கு என்ன தோன்றுமோ, தலைகூடத் துவட்டாமல் வந்து எதிர்காலம் கேட்பார்கள். இந்த வருஷம் அந்த லேப்டாப்பால் அவர் மகள் ஸ்ரீமதிக்குக் கிடைத்த வேலையே போகப் பார்த்தது.

நான் பெஞ்சமின். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன், ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் தில்லைநாயகத்தை எனக்குப் பிடிக்கும். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவர் சொன்னது பலிக்காமல் போனால்கூட அது கம்ப்யூட்டர் சொன்னதாகத்தான் இருக்கும். கையால் கட்டம் போடுகிற பொறுமை அவருக்குக் கிடையாது. ஜாதக சாஃப்ட்வேரில் 'இப்போதைய நேரம்' என்று ஒரு பட்டன் உண்டு. வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வியைச் சொன்னதும் அதை அமுக்குவார். அந்த நேரத்துக்குக் கட்டம் விழும், பக்கத்திலேயே பலனும் விழும். பிரசன்னம் என்று பேர். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிற கேரளாக்காரர்களுக்கு இது உயிர்.

லேப்டாப் பழசு. விண்டோஸ் எழுந்து உட்காருவதற்குள் கேட்க வந்தவர் எழுந்து போய்விடுவார். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் பறக்கும், காசும் கிடையாது என்று யாரோ சொல்ல, வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டார். விண்டோஸை அழிக்கவில்லை, ஜாதக சாஃப்ட்வேர் அதில்தான் ஓடும். பக்கத்திலேயே லினக்ஸையும் குடிவைத்தார். புதன் ஹோரை பார்த்து ஆரம்பித்தார். பாதியில் கரண்ட் போனது. பேட்டரி என்றைக்கோ செத்துப் போயிருந்ததால் லேப்டாப்பும் கூடவே போனது. மறுபடி குரு ஹோரையில் ஆரம்பித்து ஒருவழியாக முடித்தார்.

முடிந்ததும் பொருத்தம் பார்த்தார். கீபோர்டு சரி, திரை சரி. சத்தம் வரவில்லை. டச்பேடில் விரலை வைத்தால் அம்பு மேஜையை விட்டே ஓடிவிடும் போலத் துள்ளியது. வைஃபை என்று ஒன்று அதற்குள் இருப்பதாகவே லினக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அசரவில்லை. பத்துக்கு ஆறு பொருத்தம் இருக்கிறது, இதை வைத்துக் கல்யாணமே பண்ணலாம் என்றார்.

குடித்தனம் நடத்துவதுதான் பாடாக இருந்தது. சத்தத்தை ஸ்ரீமதி வந்து ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தாள், அது வெறும் மியூட்டில் கிடந்திருக்கிறது. மிச்சத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, போன் வழியாகவே இணையத்தில் லினக்ஸ்காரர்கள் கூடும் ஒரு இடத்தில் போய்க் கேள்வி கேட்டார். பிரேசில்காரர் ஒருவர் பொறுமையாக வரிவரியாகச் சொல்லிக்கொடுக்க, வைஃபை வந்தேவிட்டது. அதற்கு நன்றிக்கடனாக ஒரு ஜாதகம் கணித்துக் கொடுக்கலாம் என்று நம்மாள் அவருடைய பிறந்த தேதி, பிறந்த ஊர், அம்மா பெயர் எல்லாம் கேட்டு எழுதினார். பேங்குக் கணக்கைத் திருட வந்தவன் என்று அந்த மனுஷர் நினைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பதில் இல்லை. 'நல்ல மனுசன், அவருக்கு ஏழரை நடக்குபோல' என்று ரொம்ப நாள் வருத்தப்பட்டார்.

அந்த லேப்டாப் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சந்தனப் பொட்டு இருக்கும். போன ஆயுத பூஜைக்கு வைத்தது. துடைப்பது அபசகுனம் என்று அவர் துடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அதன் மேலேயே இன்னொரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைப்பார். அப்படியே அது வடை கனத்துக்கு வளர்ந்து நின்றது.

இந்த சீசனில் அவருக்கு நல்ல பெயர். செங்கோட்டையில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் பாண்டியராஜ் வந்து, பெண்டாட்டியின் சங்கிலி காணோம் என்றார். கட்டம் போட்டுப் பார்த்து, நீர் சார்ந்த இடத்தில் இருக்கிறது என்றார் ஜோசியர். ஐந்தருவிக்குக் கொண்டுபோன ஈரத் துண்டுக்குள்ளேயே சங்கிலி இருந்தது. குற்றாலத்துக்கு வந்தவன் எதைத் தொலைத்தாலும் நீர் சார்ந்த இடத்தில்தான் தொலைப்பான் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. முன்னறை வாசலில் கூட்டம் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீமதிக்கு கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்த பிள்ளை. கடிதம் வந்த அன்றைக்கு லாட்ஜுக்கே ஓடி வந்து அப்பாவிடம் காட்டினாள். அவர் சந்தோஷமாகப் பட்டனை அமுக்கினார். பயணம் வேண்டாம், போன காரியம் கெடும் என்று பலன் விழுந்தது. மனுஷர் முகம் சுண்டிவிட்டது. போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி குழல்வாய்மொழி இரண்டு நாள் பேசாமல் சோறு போட்டுப் பார்த்தார், மசியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஸ்ரீமதி அழவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை காலையில் சாரல் ஜன்னல் வழியாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு டீ கொண்டுபோனேன். ஸ்ரீமதியும் அங்கே இருந்தாள், சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். ஈரத்தில் ஊறிப்போன சந்தனப் பொட்டு எங்கள் கண்முன்னால் மெல்ல வழுக்கி கீபோர்டு மேல் விழுந்தது. அது இருந்த இடத்தில் ஒரு கடிகாரம் இருந்தது. லாட்ஜ் மேனேஜருக்கு எங்கே கடிகாரம் தெரிந்தாலும் கண் அங்கேதான் போகும். அப்போது காலை பத்தேகால். அது நாலே முக்கால் காட்டியது.

"என்ன அண்ணாச்சி, இதுல இன்னும் விடியவே இல்லயா?" என்று கேட்டேன்.

ஸ்ரீமதி குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. லேப்டாப்புக்குள் ஒரே ஒரு கடிகாரம்தான் இருக்கிறதாம். லினக்ஸ் அதை கிரீன்விச் நேரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, நமக்குக் காட்டும்போது மட்டும் ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டுமாம். விண்டோஸுக்கு அந்தக் கணக்குத் தெரியாது, உள்ளே இருப்பதுதான் நம் நேரம் என்று நினைத்துக்கொள்ளும். இணையத்தில் இணைத்திருந்தால் தானே திருத்திக்கொண்டிருக்கும். டேட்டாவை எல்லாம் குடித்துவிடும் என்று இவர் விண்டோஸை இணையத்துப் பக்கமே விட்டதில்லை. ஆக, சீசன் முழுக்க குற்றாலத்தில் உட்கார்ந்து லண்டன் பக்கத்து நேரத்துக்குப் பலன் சொல்லியிருக்கிறார். அவள் லினக்ஸுக்குள் போய் ஒரே ஒரு வரி தட்டினாள். இரண்டு குடித்தனமும் ஒரே மணி காட்டின.

வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டிருப்பான். தில்லைநாயகம் அப்படி இல்லை. நேரம் தப்பு, பலனும் தப்பு, கேட்டவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று போனை எடுத்தார். மேலே சொன்னேனே, பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

முதலில் பாண்டியராஜ். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தாராம். சங்கிலிதான் கிடைத்துவிட்டதே, அதை எந்தக் கடிகாரம் சொன்னால் என்ன என்றார். அடுத்து கடையத்தில் டீச்சராக இருக்கும் சுகிர்தம். பாஸ்டருக்குத் தெரியாமல் வந்து டிரான்ஸ்ஃபர் கேட்டுவிட்டுப் போனவர். கிடைக்காது என்று இவர் சொல்லியிருந்தார், கிடைக்கவில்லை. அதற்குள் அந்த ஸ்கூலில் ஹெட்மாஸ்டர் மாறி, இப்போது அங்கே இருப்பதுதான் சொர்க்கம் என்று நன்றி சொன்னார். ராயகிரியில் போர் போட்ட ஒரு விவசாயிக்குத் தண்ணீர் வரும் என்று சொல்லியிருந்தார். வெறும் புகைதான் வந்ததாம். தப்பு என் மேல்தான் என்று இவர் சொல்ல, நீங்கள் சொன்ன பரிகாரத்தைச் செய்யாமல் போர் போட்டது என் தப்பு என்று அவர் மன்னிப்புக் கேட்டார். இப்படியே போன் சூடாகிற வரைக்கும் பேசினார். பலன் தப்பு என்று ஒத்துக்கொள்ள ஓர் ஆள் கிடைக்கவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், விடுங்கள் என்றேன். அவர் போனை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் நினைத்ததற்கு மாறாக, முன்னைவிட அதிகமாகக் கலங்கிப்போயிருந்தார்.

"எல்லாருக்கும் பலிச்சிருக்கே அண்ணாச்சி," என்றார். "தப்பான கட்டம் அத்தனையும் பலிச்சிருக்கு. போர்த் தண்ணிகூட பரிகாரம் செய்யாததாலதான் வரலங்காவ. இவளுக்குச் சொன்னது மட்டுந்தான் பாக்கி. அதுவும் பலிச்சிருமோன்னு பயமா இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடிகாரம் தப்பு என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தவருக்குப் பெற்ற பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லையா என்று கேட்டேன். ஸ்ரீமதி என்னைக் கையமர்த்தினாள். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இப்ப மணி சரியா இருக்குப்பா. இன்னொரு தடவ பாருங்க. என்ன விழுதோ அதுக்கு நான் கட்டுப்படுதேன்."

அவர் சாஃப்ட்வேரைத் திறந்தார். கேள்வியை அவளே சொன்னாள், கோயம்புத்தூர் போகலாமா என்று. அவர் விரல் பட்டன் மேல் போய் நின்றது. அமுக்கவில்லை. நல்லதாக விழாதா என்ற ஆசை எனக்கே வந்துவிட்டது, ஆண்டவர் மன்னிக்கட்டும். விரலை எடுத்துவிட்டு மூடியை இறக்கினார்.

"வேண்டாம்ட்டி. இதுலயும் போகாதேன்னு விழுந்தா அப்புறம் என்னால உன்ன அனுப்ப முடியாது. நீ போயிட்டு வா. தப்பான நேரத்துல கேட்டவுகளே நல்லாத்தான் இருக்காவ."

அதற்குப் பிறகுதான் ஸ்ரீமதி அழுதாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை புறப்பட்டாள். தென்காசியிலிருந்து மதுரை போய், அங்கே பஸ் மாற வேண்டும். சாயங்காலம் மூன்றரைக்கு ஒரு பஸ் நின்றது, உட்கார இடமும் இருந்தது. செவ்வாய்க்கிழமை மூன்றரை ராகுகாலம் என்று ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குப் போகிற எனக்கே தெரியும். தில்லைநாயகம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறி, மகளுக்கு ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். பஸ் நகர்ந்து வளைவில் திரும்பிய பிறகு என்னைப் பார்த்தார்.

"ராகுகாலம்லா," என்றார்.

"தெரியும்லா, பிறகு ஏன் ஏத்திவிட்டிய?"

"அடுத்த பஸ்ஸுல இடம் கிடைக்காட்டா பிள்ள மதுர வரைக்கும் நின்னுக்கிட்டுல்லா போகணும்," என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.