கழுகு வளைவில் நின்ற வண்டி

வெர்னா கோவாசிச் குளிர்காலத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். பனி உருகியதும், சுற்றுலாப் பயணிகளை மலைக் கணவாய்க்கு ஏற்றிச் செல்லும் எங்கள் கடையின் ஜீப்பை ஓட்ட வந்துவிடுவாள். அவளுடைய அப்பா வெள்ளிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கமெல்லாம் மூடிவிட்டது. அதற்காக வெட்டிய மலைப்பாதைகளை வைத்துத்தான் இப்போது எங்கள் ஊர் பிழைக்கிறது. கோடை வந்தால் சமவெளிக்காரர்கள் சான் ஹுவான் மலைக்குத் திரண்டு வருவார்கள். வெர்னா இரண்டு கணவர்களை விட்டு விலகியவள். ஏன் என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேருக்குமே பிரேக் சரியில்ல" என்பாள்.

நான் அந்தக் கடையில் பயணச்சீட்டு கொடுப்பவள். ஒருநாள் பயணிகளோடு கிளம்பிய ஜீப்பில் ஓர் இடம் காலியாக இருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன்.

கணவாய்க்குப் பாதி தூரம் ஏறியதும் மேற்கே மேகம் கறுத்தது. கழுகு வளைவை நெருங்கியபோது, மேலிருந்து இறங்கிய ஒரு வெள்ளை வண்டி பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. பாறைப் பக்கம் ஒட்டப் பயந்து, ஓட்டியவன் விளிம்புக்கே போய்விட்டான். இடது முன்சக்கரத்துக்கு அடியிலிருந்து சரளைக்கல் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. கீழே ஆறு ஒரு நூல் மாதிரி தெரிந்தது.

வெர்னா எங்கள் ஜீப்பைப் பின்னால் கொண்டுபோய்ப் பாதை அகலமான இடத்தில் நிறுத்தினாள். "எல்லாரும் இறங்கி பாறையை ஒட்டி நில்லுங்க. ஆளுக்கொரு கல்லு எடுத்துட்டு வாங்க, பெரிசா" என்றாள்.

கற்களை அந்த வண்டியின் சக்கரங்களுக்கு முன்னால் அடுக்கினோம். பாறைப் பக்கத்துக் கதவைத் திறந்து, ஒரு பெண்ணை வெர்னா கைபிடித்து இறக்கினாள். ஜோலீன் என்று பேர். முகத்தில் ரத்தமே இல்லை. "அவர் அசையவே மாட்டேங்கிறாரு. கூப்பிட்டா பேசவும் மாட்டேங்கிறாரு" என்று அழுதாள்.

அவள் கணவன் டிராய் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்துக் கதவைத் திறந்தால் காலை வைக்க மண் கிடையாது. பின் இருக்கையில் கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்று. அது எழுந்து திரும்பும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடியது. ஜோலீன் எவ்வளவு கூப்பிட்டும் அது இறங்கவில்லை.

மழை ஆரம்பித்துவிட்டது. ஜோலீன் இருந்த இருக்கையில் வெர்னா போய் உட்கார்ந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, நாய்க்கு என்ன பேரு?"

டிராய் முன்கண்ணாடியையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"உன்னைத்தாம்ப்பா கேக்குறேன். அது என் காதை நக்குது. பேரு தெரியாம எப்படித் திட்டுறது?"

"வாஃபிள்" என்றான் டிராய், உதடு அசையாமல்.

"வாஃபிள், சும்மா கிட! டிராய், காலை பிரேக்லயே வச்சுக்க. கியரை நான் பார்க்கிங்ல போடுறேன். கைப்பிரேக்கும் இழுத்துட்டேன், பாரு. இப்போ நீ என்னைத் தாண்டி இந்தப் பக்கம் வரணும்."

"கீழ போயிடுவோம் மேடம்."

"போனாலும் போவோம். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா மழை இந்த மண்ணைக் கரைச்சிட்டே இருக்கு. உக்காந்தே இருந்தா கண்டிப்பா போயிடுவோம்."

அவன் முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தான். ஸ்டீயரிங்கிலிருந்து அவன் விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவன் அவள் மடிமீது உருண்டு வெளியே வந்து, சேற்றில் முழங்கால் போட்டு விழுந்தான். அந்த அசைவில் வண்டி ஒரு சாண் நழுவிக் கற்களில் முட்டி நின்றது. விளிம்பிலிருந்து ஒரு பெரிய மண்கட்டி பெயர்ந்து போனது. அது விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை. ஜோலீன் என் தோளை நகம் பதியப் பிடித்தாள்.

"வெர்னா, இறங்கிடு! வண்டி போனாப் போகுது!" என்று கத்தினேன்.

"நாய் இருக்குடி உள்ள!"

ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து, ரிவர்ஸ் போட்டு மிதித்தாள். சக்கரங்கள் ஈரச் சரளையில் சுற்றின. வண்டி பின்னால் போகவில்லை, வால்பக்கம் மட்டும் விளிம்பை நோக்கித் திரும்பியது. காலை எடுத்துவிட்டாள். ஒரு கணம் எதுவும் அசையவில்லை. பிறகு மெதுவாக, மிக மெதுவாக அழுத்தினாள். சக்கரம் பிடித்தது. வண்டி ஒரு ஆள் நீளம் பின்னேறியதும் நாங்கள் ஓடிக் கற்களைப் புரட்டித் தள்ளினோம். அவள் முன்பக்கத்தைப் பாறையோடு உரசவிட்டாள். பக்கவாட்டுக் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. அப்படியே உரசிக்கொண்டு கீழே இறக்கி, எங்கள் ஜீப்புக்குப் பின்னால் நிறுத்தினாள்.

நாய்தான் முதலில் குதித்தது. வெர்னா இறங்கி, பாறையோரம் குனிந்து, காலையில் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் காலை கடை திறக்கும்போது டிராயும் ஜோலீனும் வாசலில் நின்றார்கள். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு சீட்டு கேட்டார்கள், கணவாய்க்கு.

வெர்னா காபிக் குவளையோடு வந்தாள். "பைத்தியமாப்பா உனக்கு?"

"இப்போ போகலைன்னா இனி எந்த மலைக்கும் போகமாட்டேன் மேடம்" என்றான். "நீங்கதான் ஓட்டணும்."

"லீவு கேக்கலாம்னு வந்தேன். நேத்து ராத்திரி பூரா தூக்கமில்ல." குவளையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாவியை எடுத்தாள். "சரி, ஏறு. வளைவுல கண்ணை மூடிக்க."

"நீங்க?"

"நான் மூடினா ஜோலீன் திட்டுவா."

சாயங்காலம் திரும்பி வந்தபோது டிராயின் முகம் வெயிலில் சிவந்திருந்தது. கணவாயின் உச்சியில் ஊதா நிறக் காட்டுப்பூக்களுக்கு நடுவே வெகுநேரம் உட்கார்ந்திருந்தானாம். வளைவில் கண்ணை மூடினானா என்று வெர்னாவிடம் கேட்டேன்.

"போகும்போது மூடினான். வரும்போது எனக்கே பயம்டி. பாதையைத்தான் பார்த்தேன், அவனை இல்ல" என்றாள்.