காளீஸ்வரனின் ஊறுகாய்ச் சாடி

கோவில்பட்டிக்கு மேற்கே, காட்டுப்பாதையில் சூளை போட்டிருக்கும் காளீஸ்வரன் லேசுப்பட்ட ஆள் இல்லை. சாடிக் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். அதை மூடியதும் சொந்தமாகச் செய்ய உட்கார்ந்துவிட்டார். கரிசல் மண் சூளையில் விரிசல் விடும் என்பதால் களிமண் லாரியில் வரும். நெருப்பு வெள்ளையாகக் கனன்றதும் தூத்துக்குடிக் கல்லுப்பை அள்ளி உள்ளே வீசுவார். அந்த ஆவிதான் சாடிமேல் பளபளப்பாகப் படியும். உப்பு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு, யாருக்குக் கண்ணு பட்டுச்சு என்று வழியில் போகிறவர்கள் விசாரிப்பார்கள்.

ஈரம் காயுமுன் சாடியின் தோளில் ஒரு முத்திரை குத்துவார்: ‘காளீஸ்வரன், காலனி, கோவில்பட்டி.’

வந்தது வினை. மொத்தமாக வாங்கும் கடைக்காரர் சீனி முகம் சுளித்தார்.

“ஏலே, பேரு இருந்துட்டுப் போகுது. காலனி எதுக்கு? ஊறுகாய் போடுதவ யோசிப்பாள்லா?”

“நான் அங்கனதான இருக்கேன், அண்ணாச்சி.”

“அப்ப சரக்கும் அங்கனயே இருக்கட்டும்.”

காளீஸ்வரனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் வேறு கடை ஏது? அடுத்த சூளையில் தோளை வெறுமனே விட்டார். கையை உள்ளே விட்டு, சாடியின் அடித்தரையில் முத்திரையைக் குத்தினார். சீனி வெளியே தடவிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

ஒரு வருஷம் கழித்துக் கடம்பூர்ப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பாண்டியம்மாள் காலிச் சாடியோடு விசாரித்து வந்தாள்.

“மாங்காய் போட்டோம், கடைசிவரை பூசணம் பிடிக்கல. கழுவும்போதுதான் உம்ம பேரு தெரிஞ்சுது.”

“காலனின்னும் போட்டிருக்குமே.”

“வாசிச்சேன்.” கொஞ்சம் தயங்கினாள். “இன்னொண்ணு வேணும். எழுத்து உள்ளேயே இருக்கட்டும். வீட்டுக்கு நாலு பேரு வாராவ.”

தின்றாயிற்று, பூசணம் பிடிக்கவில்லை என்றும் சொல்லியாயிற்று. இன்னும் என்ன ஒளிவு என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

“இனிமே தோளுலதான் குத்துவேன். சூளை பிரிக்கிற அன்னைக்கு வாங்க. பிடிச்சா எடுத்துக்கிடுங்க.”

சொன்ன நாளில் அவள் வந்துவிட்டாள். எழுத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சாடியைத் தூக்கி, முத்திரை இருந்த பக்கத்தை இடுப்போடு அணைத்து மறைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

காளீஸ்வரன் பார்த்துக்கொண்டே நின்றார். சூளைச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்த அவர் மனைவி பேச்சித்தாய் நிமிரக்கூட இல்லை.

“போகட்டும். வீட்டுல இறக்கி வச்சுத்தான ஆகணும்.”