பதினேழாம் ஆணி

ஞாயிற்றுக்கிழமை மாலை வீடு திரும்பியதும் நான் செய்யும் முதல் வேலை, கோல்கீப்பர் கையுறையை வாளியில் ஊறப்போடுவது. தூத்துக்குடிப் பக்கம் எங்கள் கடற்கரையில் விளையாடிய காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. கையை இரண்டு தட்டு தட்டினால் மணல் போய்விடும். இங்கே, கோலார் தங்கவயலில், தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய கழிவு மண் குன்று குன்றாக நிற்கிறது. சயனைடு மேடு என்பார்கள். காற்றடித்தால் அதன் சாம்பல் நிறத் தூள் மைதானம் முழுக்கப் படியும். மூன்று தண்ணீர் மாற்றி அலசினாலும் கையுறை வெளுக்காது. நான்கு வருடமாக அலசிக்கொண்டிருக்கிறேன். ஊர் என்மேல் ஒட்டிக்கொண்டது என்று அழகாக எழுதலாம். துவைக்கிறவனுக்கு அது எரிச்சல்தான்.

“தமிழ் பேசுகிற ஊர்தானே, உனக்கென்ன கஷ்டம்?” என்று ஊரில் எல்லோரும் கேட்கிறீர்கள். வங்கியில் என்னை இங்கே ஆண்டர்சன்பேட்டைக் கிளைக்குப் போட்டபோது அம்மாவும் அதைச் சொல்லித்தான் அழுகையை நிறுத்தினாள். தமிழ்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கவுன்ட்டருக்கு வருகிறவர் ‘இன்னா சார்’ என்று ஆரம்பித்து, நடுவில் கன்னடத்தில் விசாரித்து, தெலுங்கில் அலுத்துக்கொண்டு போவார். சுரங்கம் மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்னும் சாப்பாட்டு நேரத்தைக்கூட ஷிஃப்ட் கணக்கில் சொல்லுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். வாரநாட்களில் பாதி ஊர் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடும். ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லோருக்கும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், எனக்கு இருக்கமாட்டார்கள். அப்படி ஒரு ஞாயிறு, போக்கிடம் இல்லாமல் ஊரிகம் ரயில் நிலையத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது பந்து உதைபடும் சத்தம் கேட்டது. நாய்க்கு மோப்பம் போல எனக்கு அந்தச் சத்தம்.

சின்னக் கிளப். இருபது பேர்கூடத் தேறாது. வெயில் காலத்தில் மைதானத்தில் கால்பந்து. மழை வந்தால் ஒரு பழைய கூடத்தின் சிமென்ட் தரையில் ஃபுட்சால், பக்கத்துக்கு ஐந்து பேர். கிளப்பை நடத்துவது ரெஜினாக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும், பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவர். கேப்டன் டேனி தங்கவயலிலேயே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். கோல்கீப்பர் என்றதும் அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். கோல்கீப்பருக்கு உலகமெங்கும் பஞ்சம். ஒரு மாதம் கழித்து டேனி என் கையில் ஒரு பித்தளை வில்லையைத் திணித்தான். பட்டறையில் மிஞ்சிய தகட்டில் அவனே வெட்டியது. மேலே ஓர் ஓட்டை, நடுவில் 17.

“டோக்கன். வந்தா மாட்டுங்க, போனா எடுத்துக்குங்க” என்றான்.

ரெஜினாக்கா ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவரும் பலகையில் வரிசையாக ஆணிகள். ஆட வருகிறவன் தன் எண்ணுள்ள ஆணியில் டோக்கனை மாட்ட வேண்டும். கிளம்பும்போது அவனேதான் எடுக்க வேண்டும், அடுத்தவன் தொடக்கூடாது. ஒரு டோக்கன் தொங்கினாலும் மற்ற யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலா இருக்கிறோம் என்று கேட்டேன்.

ரெஜினாக்கா கோபித்துக்கொள்ளவில்லை. “எங்கப்பா மைன்ஸ்ல டோக்கன் ரூம்ல இருந்தாருப்பா. கீழ போறவங்க டோக்கன் அவருகிட்டதான். ஷிஃப்ட் முடிஞ்சும் ஒண்ணு தொங்கிகினு இருந்தா, ஒருத்தன் இன்னும் மேல வரலன்னு அர்த்தம். அவரு வூட்டுக்கே வரமாட்டாரு. சோறு ஆறிப் போவும்” என்றார்.

கடலுக்குப் போனவன் கரை சேர்ந்தானா என்று பார்த்து நிற்கிற ஊரில் பிறந்தவன் நான். எனக்கு அது சட்டென்று புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. பந்தாட்டத்துக்கு எதற்கு இத்தனை சடங்கு என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

போன மழைக்காலத்தில், ஊருக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதிப் பையில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை மேனேஜரிடம் கொடுப்பதாக இருந்தது. அதற்கு முந்தைய நாள் ஃபுட்சால் ஆட்டம். மணலில் விழுந்து பழகியவனுக்கு சிமென்ட் தரை எமன். முழங்கை தோல் ஏற்கனவே உரிந்திருந்ததால், கடைசி நிமிடத்தில் வந்த ஒரு சாதாரணப் பந்துக்கு விழாமல் காலை மட்டும் நீட்டினேன். அது என் இரண்டு காலுக்கு நடுவே உருண்டு போனது. தோற்றோம். “இன்னாங்க, அலை வந்து தூக்கிகினு போவும்னு பாத்தீங்களா?” என்றான் டேனி. எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊராக இருந்தால் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டு, அடுத்த நிமிடம் தோளில் கை போட்டிருப்பார்கள். அந்த ‘ங்க’ போட்ட கேலிதான் தாங்கவில்லை. நீ வெளியாள் என்று சொன்னது போல இருந்தது. பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியே வெளியேறினேன். போனை அணைத்தேன். ஆணியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் “எல்லிகே?” என்றார், எங்கே போகவேண்டும் என்று. எனக்கே தெரியாது. தண்ணீரைப் பார்த்து உட்கார வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. எனக்குத் தெரிந்த கன்னடத்தில் “நீரு” என்றேன். அவர் இரக்கத்தோடு தன் பாட்டிலை நீட்டினார். குடித்தேன். பிறகு கையை அகல விரித்துக் காட்டியதும் சிரித்துக்கொண்டே பேத்தமங்களாவுக்கு டிக்கெட் கிழித்தார். அங்கே ஏரிக்கரையில் உட்கார்ந்து, அலையே இல்லாத அந்தத் தண்ணீரைப் பார்த்து, நாளைக்கு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று உறுதி செய்துகொண்டேன்.

வெயில் தாழும் நேரத்தில் பின்னால் ஸ்கூட்டர் சத்தம். டேனி, பின்னால் ரெஜினாக்கா. அவன் இன்னும் ஜெர்சியைக் கழற்றியிருக்கவில்லை. என் வீடு, வங்கி வாசல், கோயில் எல்லாம் தேடிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார்கள். பாட்டில் கொடுத்த கண்டக்டர்தான் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு டேனியின் மகளுக்கு முதல் பிறந்தநாள், ஐந்து மணிக்குக் கேக் வெட்டு என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மணி ஆறாகப் போகிறது.

“உங்க டோக்கன் தொங்குது” என்றான்.

“நீங்களே எடுத்துட்டு வந்திருக்கலாமே” என்றேன் முறைப்பாக.

“நாங்க எப்டிப்பா எடுக்கறது?” என்றார் ரெஜினாக்கா. அவருக்கு என் கேள்வி உண்மையாகவே புரியவில்லை.

மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் ஊரிகம் வந்து சேர்ந்தோம். கூடத்துப் படிக்கட்டில் மீதி ஏழு பேரும் ஈர ஜெர்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனும் திட்டவில்லை, எங்கே போனாய் என்று கேட்கவில்லை. நான் பலகை முன் போய்ப் பதினேழை எடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் எழுந்து ஒவ்வொருவராகத் தங்களுடையதை எடுத்தார்கள். அந்தப் பித்தளைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்தது; மறைக்கவும் இல்லை. பிறகு எல்லோருமாக டேனி வீட்டுக்குப் போனோம். குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அப்பா வராமல் வெட்டமாட்டோம் என்று கேக்கை அப்படியே வைத்திருந்தார்கள். தூக்கத்திலேயே அதன் கையைப் பிடித்து வெட்ட வைத்தோம்.

மறுநாள் விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை. இன்றுவரை அது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஒருநாள் கொடுப்பேன், அம்மாவுக்கு வயதாகிறது. ஆனால் கோபித்துக்கொண்டு கொடுக்கமாட்டேன், சொல்லிக்கொண்டுதான் போவேன். உறவென்று யாரும் இல்லாத ஊரில், நான் வந்து சேரும்வரை வீட்டுக்குப் போகாமல் இருக்க ஒன்பது பேர் இருந்தார்கள். இதற்கு மேல் ஓர் ஊரிடம் என்ன கேட்பது? இந்த நன்றியை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னால் கேலி செய்வார்கள் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது பழைய கூட்டாளிகளோடு கடற்கரையில் ஆடினேன். எத்தனை முறை விழுந்தாலும் வலிக்காத மணல். பொழுது சாய்ந்ததும் ஆட்டம் வழக்கம்போலக் கலைந்தது. ஒருவன் குளிக்கக் கடலுக்குள் போனான், இரண்டு பேர் கடைக்குப் போனார்கள், மற்றவர்கள் பேசிக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தார்கள். என்னால் மட்டும் நகர முடியவில்லை. கடலுக்குள் போனவன் தலையைத் துவட்டிக்கொண்டு கரையேறும்வரை நின்றேன்.

“என்னல, யாரத் தேடுத?” என்றான் என் அண்ணன்.

யாரையும் இல்லை என்றேன். கால்சட்டைப் பையில் கைவிட்டபோது பதினேழு இருந்தது. அன்றும் ஞாயிறுதான்; ஊரிகத்தில் என் ஆணி காலியாக இருந்திருக்கும். காலியாக இருந்தால் எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். கரையில் ஏற்றிவைத்திருந்த வள்ளத்தின் ஓரத்தில் ஓர் ஆணி துருத்திக்கொண்டு நின்றது. டோக்கனை அதில் மாட்டினேன். அண்ணன் ஒன்றும் புரியாமல் அதையும் என்னையும் பார்த்தான்.

“வால, அம்ம சோறு போட்டு வச்சிருக்கா.”

எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன்.