செல்லக்கிளி ஓடவிட்ட வரி

உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் கடைசியாகப் படம் நின்றபோது, அதைச் சரிசெய்யக் கம்பத்தில் ஏறிய ஆளின் பெயர் என்ன? தெரியாது. கேபிள் அலுவலகத்தின் எண் மட்டும் மனப்பாடமாகத் தெரியும்.

செல்லக்கிளிக்கு ஒரு பெயர் தெரியும். ஆறுமுகநயினார், அவள் கணவன். தூத்துக்குடியில் ஓர் உள்ளூர் கேபிள் நிறுவனத்தில் லைன்மேனாக இருந்தான். 2014 ஜனவரி 26 அன்று டெல்லி அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தபோது, துறைமுகச் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் படம் நின்றது. கால் மணி நேரத்தில் நாற்பது போன். கேபிள் தொங்குவது மின்கம்பத்தில். ஏறுவதற்கு முன் மின்வாரிய ஊழியரை வரவழைத்து பியூஸைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் எல்லா டிவியும் அணையும். அதற்கும் நாற்பது போன் வரும். அதனால் கரண்டு ஓடும்போதே ஏறிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது. அவனும் ஏறினான். அறுந்த கேபிளை இணைத்தான். அதைத் தாங்கும் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டுகையில் அது மின்கம்பியில் உரசியது.

படம் வந்துவிட்டது. கீழே கிடந்தவனைச் சுற்றிக் கூட்டம் சேர்வதற்குள், இரண்டு வீடு தள்ளியிருந்த ஒருவர் அலுவலகத்துக்குப் போன் செய்து நன்றி சொன்னார். புகார் நோட்டில் அந்தத் தெருவின் பெயருக்கு நேரே 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதினார்கள்.

ஆண்டவர் கூப்பிட்டுக்கொண்டார் என்றார் முதலாளி பெனிஸ்டன். அவனுடைய ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் தலையெழுத்து என்றார்கள். இரண்டு மதமும் இவ்வளவு சுலபமாக ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. ஒரு பியூஸைப் பிடுங்கினால் மாறிவிடக்கூடிய எழுத்துக்குப் பெயர் விதியா?

பெனிஸ்டன் அவளுக்கு அலுவலகத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார். உள்ளூர் சேனலில் திரையின் அடியில் ஓடும் வரிகளைத் தட்டச்சு செய்வது வேலை. மரண அறிவிப்பு, தொலைந்த ரேஷன் கார்டு, நாளைய மின்தடை. மின்வாரியம் தன் ஆட்களைக் கம்பத்தில் ஏற்ற ஊரையே இருட்டாக்கும் என்பதைப் பன்னிரண்டு வருடம் அவளே தட்டச்சு செய்தாள். கேபிள்காரனுக்கும் அப்படிச் செய்யுங்கள் என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பெனிஸ்டனிடம் கேட்டாள். இப்போது ஏறுகிறவன் ஸ்டெபின். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். அவன் ஏணியை எடுக்கும்போதெல்லாம் அவள் விரல் விசைப்பலகையில் நின்றுவிடும்.

இந்த ஜனவரியில் பெனிஸ்டன், "ஏளா செல்லக்கிளி, டிவிக்கு நூறு வயசாவுது. இருபத்தாறாம் தேதி போட ஒரு பட்டியல் தயார் பண்ணு" என்றார். 1926 ஜனவரி 26 அன்று லண்டனில், ஒரு மாடியறையில், ஜான் லோகி பெயர்டு விஞ்ஞானிகளுக்கு முன் மனித முகத்தைத் திரையில் அசைய வைத்துக் காட்டினார். அதிலிருந்து தொடங்கி, அதே தேதியில் தொலைக்காட்சியில் நடந்தவற்றை அவள் தொகுத்தாள். கடைசி வரி இது: '2014, ஜனவரி 26. அணிவகுப்பு ஒளிபரப்புக்காக மின்சாரம் நிறுத்தாத கம்பத்தில் ஏறிய கேபிள் ஊழியர் ஆறுமுகநயினார் இறந்தார். வயது 34.'

இருபத்தாறாம் தேதி காலையில் பட்டியலைப் படித்த பெனிஸ்டன் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல நாளும் அதுவுமா எழவுச் செய்தியா?"

"எழவு அன்னைக்குத்தான அண்ணாச்சி நடந்துது."

"இது லண்டன்காரன் கண்டுபிடிச்ச கதை. இதுல ஒன் மாப்ள எங்கன வாரான்?"

"லண்டன்காரன் கண்டுபிடிச்சத இந்த ஊரு வீட்டுக்குள்ள கொண்டு சேத்தது யாரு?"

"ஒனக்கு நாற்காலி குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

"ஸ்டெபின் பொண்டாட்டிக்கும் ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கியளா?"

அவர் அந்த வரியை அழித்துவிட்டுக் கொடியேற்றப் போனார்.

அவர் பள்ளிக்கூட மைதானத்தில் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளூர் சேனலில் காட்டிய அணிவகுப்புக்குக் கீழே, அவள் மறுபடி தட்டச்சு செய்த அந்த வரி ஓடியது. கூடவே இன்னொன்றையும் சேர்த்திருந்தாள்: 'மின்சாரம் நிற்காமல் இனி எங்கள் ஊழியர் ஏறமாட்டார்.' முதலாளி சொல்லவேண்டியதை அவர் பெயரில் ஊருக்கு அறிவித்துவிட்டாள். நாற்பது நிமிடம் ஓடியது. வந்த போன்கள் ஐந்து. நான்கு பேர், பீரங்கியை மறைக்கிறது, அடியில் ஓடுவதை எடுங்கள் என்றார்கள். ஒருவர் மட்டும், "அந்தப் பையன் எங்க தெருவுலதான விழுந்தான்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

மத்தியானம் அவள் வேலை போனது. இப்போது வேம்பார்ப் பக்கம் உப்பளத்துக்குப் போகிறாள்.

பிப்ரவரியில், அதே தெருவில், ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே படம் நின்றது. ஸ்டெபின் ஏணியோடு வந்தான். கம்பத்தடியில் நின்று, "பியூஸப் புடுங்கினாத்தான் ஏறுவேன். டிவியிலயே போட்டாச்சுல்லா?" என்றான்.

"ஏலே, புடுங்கினா ஆட்டம் எப்படிலே பாக்க? ஆறுமுகநயினாரு இப்படியா வந்து நின்னான்?" என்றது ஒரு வீடு.

"அதான் செத்தாரு" என்றான் ஸ்டெபின்.

அவன் சட்டைப்பையிலிருந்த போன் மூன்று முறை அடித்தது, பெனிஸ்டன்தான். மூன்றாவது முறை எடுத்தான். முதலாளி சொன்னதைக் கேட்டான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கரண்டு ஓடும் கம்பத்தில் ஏறினான். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆறுமுகநயினாருக்கும் ஆயிரம் நாள் ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கம்பத்தடியில் ஒருவர் தடுத்திருந்தால் போதும், ஸ்டெபினுக்குத் துணை கிடைத்திருக்கும். செல்லக்கிளி கேட்டதும் அவ்வளவுதான். அடுத்த முறை உங்கள் தெருவில் கேபிள்காரர் ஏணியைச் சாய்க்கும்போது வெளியே வாருங்கள். பெயரைக் கேளுங்கள். நீங்களே மின்வாரியத்துக்குப் போன் செய்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்வரை அவரை ஏறவிடாதீர்கள்.