மாடவீதியில் சுடாத வெயில்

பங்குனி, தொண்ணூற்றைந்து. அறுபத்துமூவர் உற்சவம் பார்க்க நானும் என் மனைவி கமலாவும் நங்கநல்லூரிலிருந்து புறப்பட்டபோது பகல் பன்னிரண்டு. நான் செருப்புப் போடவில்லை. வயிறு குணமானால் போதும், வெறுங்காலோடு வருகிறேன் என்று கபாலீசுவரருக்கு வேண்டுதல். லாரித் தண்ணீர் புண்ணியத்தில் சீதபேதி என்னைப் பிடித்து ஏழு மாதமாகியிருந்தது.

பழவந்தாங்கலிலிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயில், ஆளுக்கு இரண்டு ரூபாய். ரயிலிலேயே மாத்திரையை விழுங்கினேன். டாக்டர் எழுதிக் கொடுத்தது ஏழு நாளைக்குத்தான். நிறுத்தினால் மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் அதே சீட்டை நீட்டி நீட்டி ஏழு மாதம் வாங்கிவிட்டேன்; மருந்துக் கடைக்காரரும் ஏனென்று கேட்கவில்லை. வாயில் எந்நேரமும் பித்தளைச் சாவியைச் சப்பின ருசி. காபி சரியில்லை என்று கமலாவைத்தான் திட்டித் தீர்த்தேன். மாத்திரையைச் சந்தேகிக்க இந்த மேதாவிக்குத் தோன்றவில்லை!

ஒன்றரை மணிக்கு பஸ் எங்களை லஸ் முனையில் இறக்கிவிட்டது. மாடவீதியில் தார் இளகிக் கிடந்தது. சுவாமியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிய கமலா, "அப்பப்பா!" என்று பந்தல் நிழலுக்கு ஓடினாள்.

"ஏன்னா, உங்களுக்குச் சுடலையா?"

"சுடலைடி. கபாலி தாங்கறான்."

நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர், "பக்தின்னா இதுதாங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு வீதிகளையும் இரண்டு முறை சுற்றினேன்.

ஐந்து மணிக்கு லஸ்ஸில் ஆட்டோ பிடித்தோம். மாம்பலம் ஸ்டேஷன், முப்பது ரூபாய். கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் திரும்பிப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினார்.

"இன்னா சார், காலெல்லாம் ரத்தம் வந்துகினு கீது! நீ பாட்டுக்குக் குந்திகினு கீற?"

குனிந்து பார்த்தேன். இரண்டு பாதத்திலும் தோல் உரிந்து தொங்கியது. "வலிக்கலையே" என்றேன், பெருமையாக.

"வலிக்கலன்னாதான் நைனா பயப்படணும்" என்றவர், எங்களைக் கேட்காமலே கோபாலபுரத்தில் தனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் விட்டார்.

அந்த அம்மா புண்ணுக்குக் கட்டுப் போட்டார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. என் கண்ணை மூடச் சொல்லி, "எந்தக் கால்விரலைக் குத்தறேன்?" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"ஏழு மாசமாவா? இவ்வளவு நாள் சாப்பிட்டா கால் நரம்பு போயிடும் சார். இனிமே ஒண்ணுகூடக் கூடாது."

"உணர்ச்சி திரும்பி வந்துடுமா டாக்டர்?" என்றாள் கமலா.

"நிறையப் பேருக்கு வருது. மாசக்கணக்காகும். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா."

மருந்து மரத்துப்போகச் செய்த காலை வைத்துக்கொண்டு வீதி முழுக்கப் பக்திமானாக உலா வந்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பயம்.

ஏழு மணிக்கு மாம்பலத்தில் ரயில் ஏறினோம். கூட்டமில்லை. கமலா என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். கட்டுக்கு வெளியே விரல்கள் மட்டும் தெரிந்தன. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சைதாப்பேட்டை போயிற்று. கிண்டி போயிற்று.

"கட்டை விரலை அழுத்தினா தெரியறதான்னா?"

"தெரியறதுடி. நன்னாத் தெரியறது."



"நான் இன்னும் தொடவே இல்லையே" என்றாள்.